இடது தோளில் முக்கால் இஞ்ச்

சனிக்கிழமை காலை பத்தரை மணி. மன்னார்குடி பந்தலடியில் துரைராசு ரெடிமேட்ஸ் கடைக்குள் இருந்தவர்கள்:

கல்லாவில் தமிழரசன், கடைக்காரன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவன் மனைவி வானதி, கையில் போனுடன். துணி எடுத்துக் காட்டும் காத்தாயி. நேற்று வாங்கிப்போன கவுனைத் திருப்பித் தர, கூத்தாநல்லூரிலிருந்து காரில் வந்திருந்த ஷாஹிரா. கண்ணாடிக்குப் பின்னால் தலையில்லாத மூன்று பொம்மைகள், மூன்றுக்கும் ஒரே கத்திரிப்பூ நிறக் கவுன். சுவரில் பிளாஸ்டிக் மாலைக்குள் தமிழரசனின் செத்துப்போன அப்பா துரைராசு. அப்புறம், உள்பக்க மாடிப்படியில் பாதி இறங்கிய நிலையில் தமிழரசனின் அக்கா குந்தவை. அவள் அங்கே நிற்பதை யாரும் கவனிக்கவில்லை.

காத்தாயியிடம் டீ சொல்லலாம் என்றுதான் இறங்கினாள். பொம்மைகளைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

துரைராசு சாகும் முன்பே கட்டடத்தைப் பங்கு வைத்திருந்தார். கீழ்த்தளம் மகனுக்கு, மேல்தளம் மகளுக்கு. கீழே ஒரு நாளில் நூறு உடுப்பு போகும். மேலே ஒரு உடுப்பு முடிய இரண்டு மாதம் ஆகும்.

சென்னையில் பதினோரு வருடம் பெரிய இடத்துத் தையல்கூடத்தில் இருந்துவிட்டு வந்தவள் குந்தவை. ஒரே ஓர் ஆளுக்கு, அந்த ஒரே உடம்புக்கு, கையால் தைத்த ஒரே ஓர் உடுப்பு. அதற்கு அங்கே கூட்யூர் என்று பெயர். "கூத்தூரா? அது சமயபுரம் பக்கத்துலல்ல இருக்கு?" என்று தமிழரசன் சிரித்தது ஆறு வருடத்துக்கு முன்னால். அந்தச் சிரிப்பு அவன் முகத்திலிருந்து இன்னும் இறங்கவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள், குந்தவை ஜரிகை வாங்கக் கும்பகோணம் கிளம்பியபோது, வற்றல் காயவைக்க வேண்டும் என்று வானதி மேல்தளச் சாவியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். குந்தவை அதை மறந்தே போயிருந்தாள். இப்போது புரட்டாசி.

"நீங்களே பாருங்க," என்றாள் ஷாஹிரா. கவுனைக் கல்லா மேல் போட்டாள். "போட்டுக்கிட்டு நின்னா இடது தோளு வழியுது. முதுகுல வலது பக்கம் துணி பொங்கிக்கிட்டு நிக்கிது. எல் சைஸ் பெருசுன்னு நெனச்சு எங்க நாத்தனா மச்சி எடுத்த எம் சைஸைப் போட்டுப் பாத்தேன். அதுலயும் அதே கதை. நான் என்ன ஒரு பக்கமா சாஞ்சா இருக்கேன்?"

"சேச்சே. உங்களுக்கு என்னங்க, பொம்மைக்குப் போட்ட மாதிரி இருப்பீங்க."

"பொம்மைக்கும் வழியுதே," என்றாள் ஷாஹிரா, கண்ணாடியைக் காட்டி.

காத்தாயிக்கு வாய் சும்மா இருக்காது. "நேத்து சாயங்காலம் போன பதினொண்ணுல ஏழு திரும்பி வந்துருச்சு மொதலாளி. இதோட எட்டு."

தமிழரசன் அவளைப் பார்த்த பார்வையில் அவள் போய் மடித்த துணியையே மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

விற்கத் தெரிந்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. தமிழரசன் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு விஷயம் தெரியாதுங்க. இது சாதாரண மாடல் இல்ல. மாடியில எங்க அக்கா, சென்னையில பெரிய பெரிய ஆளுங்களுக்குத் தச்சவங்க. முத்துப்பேட்டை ஹபீப் முகம்மது இருக்காருல்ல, மலேசியாவுல, அவரு வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்குத் தச்ச கவுனு இது. அந்தப் பொண்ணோட அளவுக் காகிதத்தை வச்சே வெட்டுனது. எம் சைஸ் அப்படியே அவங்க உடம்பு. மத்த சைஸெல்லாம் அதுலேருந்து கூட்டிக் கொறச்சது. ஒரு நூல் மாறல."

ஷாஹிரா கல்லாவை நெருங்கி வந்தாள்.

"எந்தப் பொண்ணு? நிலோஃபரா?"

"அதே அதே. தெரியுமா உங்களுக்கு?"

"எங்க யூனுஸுக்குப் பேசி வச்சிருக்க பொண்ணு." அவள் பொம்மையின் இடது தோளைப் பார்த்தாள். பிறகு முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தாள். "நான் யூனுஸோட அக்கா."

"அட! அப்ப நம்ம வீட்டுக் கல்யாணம்னு சொல்லுங்க!" தமிழரசன் எழுந்தே நின்றுவிட்டான். "வானதி, அக்காவுக்கு கூல்டிரிங்ஸ் சொல்லு."

ஷாஹிரா கல்லா மேல் போட்ட கவுனை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். "இருக்கட்டும். இதை நானே வச்சுக்கறேன்."

வாசலில் செருப்பை மாட்டும் முன்பே அவள் காதில் போன் இருந்தது.

குந்தவை மீதிப் படிகளை இறங்கி வந்தாள். நடுப் பொம்மையின் கவுனை உருவி, உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். எம் சைஸ். தோளில் கை வைத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் லைனிங்.

நிலோஃபருக்கு முதுகெலும்பில் ஒரு வளைவு. பதிமூன்று வயதில் கண்டுபிடித்தார்கள். இடது தோள் முக்கால் இஞ்ச் இறங்கியிருக்கும், வலது முதுகு கொஞ்சம் எடுப்பாக நிற்கும். தளர்ந்த சல்வாரும் துப்பட்டாவும் இருக்கும்வரை வெளியே தெரியாது. ஆனால் நிக்காஹுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டில் நடக்கும் வலீமா விருந்துக்குப் பெண் கவுனில்தான் மேடைக்கு வர வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஆசைப்பட்டார்கள். அதனால்தான் நிலோஃபரின் உம்மா கமருன்னிஸா மாடியேறி வந்தது.

குந்தவை அறையைச் சாத்திக்கொண்டு நாற்பத்தோரு இடத்தில் அளவெடுத்தாள். இடது பாதிக்கு ஒரு காகிதம், வலது பாதிக்கு வேறொரு காகிதம். மலிவான வெள்ளைத் துணியில் மூன்று தடவை வெட்டி, போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி வெட்டினாள். இடது தோளுக்குள் கேன்வாஸும் பஞ்சும் அடுக்கி முக்கால் இஞ்சை நிரப்பினாள். வலது முதுகுக்குத் துணியைக் கூட்டி, அந்தக் கூடுதலைப் பூவேலைக்குள் தொலைத்தாள். மூன்றாம் தடவை கண்ணாடி முன் நின்ற நிலோஃபர், "அக்கா, நேரா இருக்கேன்," என்றாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இந்த அளவு என் அலமாரியைத் தாண்டாது என்று கமருன்னிஸாவுக்குக் குந்தவை வாக்குக் கொடுத்திருந்தாள்.

தம்பி எடுத்துப்போனது காகிதத்தை. பஞ்சு காகிதத்தில் இல்லை.

"தையல் யூனிட்ல கேக்கலையாடா?" என்றாள் தம்பியிடம் கடைசியில்.

"என்ன கேக்கணும்?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையேன்னு."

"கேட்டாரு அந்த கட்டிங் மாஸ்டர். போன் போட்டு, ‘என்ன சார், லெஃப்டும் ரைட்டும் சேரல'ன்னாரு. அதுதான் சார் டிசைன், கை வைக்காம அப்படியே வெட்டுங்கன்னேன்."

"எத்தனை வெட்டுனாங்க?"

"முன்னூறு."

எஸ், எம், எல், எக்ஸ்எல். அளவு ஏற ஏறச் சரிவும் ஏறியிருந்தது. எக்ஸ்எல்லில் தோள் முழுசாக ஒரு இஞ்ச் இறங்கியிருந்தது. உருப்படியாகத் தைத்த தப்பு.

தமிழரசனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அக்கா அந்தத் தோளைத் தொட்டுக் காட்டினாள்; பிடிபட்டதும் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கு முதலில் வருவது அதுதான்.

"அந்தப் பொண்ணுக்கு அப்படின்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? நீதான் எதையும் சொல்றதில்லையே. மாடியில என்னமோ அணுகுண்டு தைக்கிற மாதிரி கதவைச் சாத்திக்கிற. வருஷத்துக்கு ஆறு பேருக்குத் தைப்ப. ஊர்ல மிச்ச பொண்ணுங்கல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? நான் முன்னூறு பொண்ணுங்களுக்குப் போட்டு அழகு பாக்கலாம்னு நெனச்சேன். அது குத்தமா?"

"எந்த முன்னூறு பொண்ணுடா? ஒருத்தியத்தான் முன்னூறு தடவை மாட்டி வச்சிருக்க."

வானதி குறுக்கே வந்தாள். "அண்ணி, ஒரு துணிக்காகக் கூடப்பொறந்தவங்க வாசல்ல நின்னு சத்தம் போடுறது நல்லாவா இருக்கு? ஊரு பாக்குது."

குந்தவை அவள் பக்கம் திரும்பினாள்.

"வத்தல் காஞ்சுதா வானதி?"

வானதி போனைப் பார்த்தாள். போனில் ஒன்றும் இல்லை.

குந்தவை மாடிக்குப் போனாள். அலமாரியில் முப்பத்தாறு காகிதச் சுருள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒவ்வொன்றுக்கும் துணிக்கரையைக் கிழித்த நாடாக் கட்டு. அவள் கட்டுவது எப்போதும் ஒற்றை முடிச்சு. நிலோஃபரின் சுருளில் இருந்தது ரிப்பன் கட்டுவது போன்ற பூமுடிச்சு. அவள் ஒன்றொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். இன்னும் நான்கில் பூமுடிச்சு இருந்தது.

நான்கில் ஒன்று பாத்திமா மேரி டீச்சருடையது. புற்றுநோய்க்கு ஒரு பக்க மார்பை எடுத்த பிறகு, மறுபடி சேலை கட்டிப் பள்ளிக்கூடம் போக அவருக்குத் தைத்த ரவிக்கைகள். அந்தக் காகிதம் இப்போது எந்த மாஸ்டரின் மேஜையில் விரிந்து கிடக்கிறதோ.

அதை யோசிக்க அன்று நேரமில்லை. கமருன்னிஸாவுக்குப் போட்ட போன் அடித்து அடித்து ஓய்ந்தது. குந்தவை, தைத்து முடித்திருந்த கவுனை வெள்ளை உறையில் போட்டாள். பொம்மையிலிருந்து உருவியதைச் சுருட்டிப் பையில் திணித்தாள். பஸ் ஏறினாள்.

குறுவை அறுப்பு நேரம். தார்ச் சாலையில் பாதியை நெல் பிடித்திருந்தது. டிரைவர் திட்டிக்கொண்டே உருட்டினார். திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறும்போதே மணி இரண்டு. உறையை மடியில் படுக்கப்போட்டு, மடங்காமல் இரு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்து சீட்டுக் கிழவர், "புள்ளை தூங்குதா?" என்று கேட்டார்.

முத்துப்பேட்டையில் இறங்கி வீட்டு வாசலுக்குப் போனபோது மூன்றரை.

கமருன்னிஸா கதவைத் திறந்தாள். எப்போதும் வரும் ‘வாம்மா' வரவில்லை.

"நாலு மணிக்கு வர்றாங்களாம். மாப்ளையோட உம்மாவும் அக்காவும். பொண்ணை ஒருதடவை பாத்துட்டுப் போறோம்ங்கிறாங்க. ஏற்கனவே மூணு தடவை பாத்தவங்க."

குந்தவை செருப்போடு நின்றாள்.

"அலமாரியைத் தாண்டாதுன்னீங்க."

"என் தம்பிங்க. எனக்குத் தெரியாம..."

"தம்பின்னா வேத்து ஆளா? உங்க வீட்டுச் சாவி உங்க வீட்டுலதானே இருந்துச்சு?"

கமருன்னிஸா பதிலுக்காகக் கேட்கவில்லை. அவள் பார்வை வெள்ளை உறையில் இருந்தது. குரல் மாறியது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"அப்ப கேளுங்க. இப்ப அதை அவளுக்குப் போட்டு விடுங்க. அவங்க வரட்டும். நேராத்தானே நிக்கிறா, பாத்துக்கங்கன்னு நான் சொல்றேன். கடையில தொங்குறது மிஷின் தப்பு, அளவே மாறிப்போச்சுன்னு நீங்க சொல்லுங்க. தச்சவங்க நீங்க சொன்னா நம்புவாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நிக்காஹ். எட்டே நாள். அவ வாப்பா டிக்கெட் போட்டுட்டாரு."

குந்தவை தலையாட்டினாள். பொய் சொல்லத் தயங்கும் நிலையில் அவள் இல்லை. வழியெல்லாம் அந்தப் பொய்யைத்தான் அவளும் தைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நான் போட மாட்டேன்."

நிலோஃபர் உள்ளறை வாசலில் நின்றாள். இருபத்து நான்கு வயது. அழுது முடித்த முகம், காய்ந்திருந்தது.

"யூனுஸுக்குத் தெரியும்க்கா," என்றாள் குந்தவையிடம். "பேசின மூணாவது நாளே சொல்லிட்டேன். அவருக்கு அது ஒண்ணும் இல்லையாம், கல்யாணம் முடியிற வரைக்கும் அவங்க வீட்ல சொல்ல வேணாம்னு அவருதான் சொன்னாரு. சரின்னேன். காலையிலேருந்து பதினாலு தடவை அடிச்சிட்டேன். போனை எடுக்க மாட்டேங்கிறாரு."

"வேலையா இருப்பாருடி," என்றாள் கமருன்னிஸா.

"சனிக்கிழமை அவருக்கு லீவு உம்மா."

குந்தவை உறையின் ஜிப்பை இறக்கினாள். கத்திரிப்பூ நிறம் வெளியே வந்தது. இரண்டு மாதம். ஒவ்வொரு பூவும் அவள் கையால் போட்டது. "ஒரே ஒரு தடவை போட்டுக்கம்மா. அவங்க போனதும் கழட்டிரலாம்."

"மொத நாள் என்கிட்ட என்ன சொன்னீங்க? ரெடிமேட்ங்கிறது யாருன்னே தெரியாத ஒருத்திக்குத் தச்சது, அதுக்குள்ள நாமதான் நுழையணும். இது அப்படி இல்ல, துணி உன்னைத் தேடி வரணும். அப்படித்தானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"தேடிக்கிட்டு வரலக்கா. மறைக்க வந்துச்சு. எனக்கும் அப்ப அது நல்லா இருந்துச்சு. உங்களை மட்டும் சொல்லல."

அவள் கண் தரையில் இருந்த பைக்குப் போனது. பிதுங்கிக்கொண்டிருந்தது அதே நிறம்.

"அது என்ன?"

"கடையில தொங்குனது. எம் சைஸ்."

நிலோஃபர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கமருன்னிஸா, "என்னடி பண்ற? என்னடி பண்ற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடிகாரத்தில் நாலுக்குப் பத்து நிமிடம்.

வெளியே வந்தாள்.

நேற்றிலிருந்து வாங்கின பெண்கள் எல்லார் முதுகிலும் பொங்கி நின்ற துணி, இவள் முதுகில் படிந்து உட்கார்ந்திருந்தது. இடுப்பு பிடித்திருந்தது. பூ வேலை மட்டமான மிஷின் வேலை, ஓரத்தில் நூல் தொங்கியது. இடது தோளில் பஞ்சு இல்லை. தோள் இறங்கியிருந்தது, அது இருக்கிற இடத்தில்.

குந்தவையின் கை தானாக எழுந்தது. விரலிடுக்கில் எப்படியோ குண்டூசி வந்திருந்தது. இருபது வருடப் பழக்கம். நிலோஃபர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே விட்டாள்.

"முன்னூறுல ஒருத்திக்காச்சும் பொருந்தணும்லக்கா."

"பைத்தியமாடி உனக்கு?" கமருன்னிஸாவுக்குக் குரல் உடைந்தது. "அவங்க முன்னாடி இப்படியா போய் நிப்ப? கழட்டுடி. எட்டு நாள் பொறுத்துக்க முடியாதா?"

"எட்டு நாள் பொறுப்பேன் உம்மா. அப்புறம்? ராத்திரி படுக்கறப்ப, குளிச்சிட்டு வர்றப்ப, புள்ளைக்குப் பால் குடுக்கறப்ப, எல்லாத்துக்கும் இந்த அக்கா கூடவே வந்து தோள்ல பஞ்சு வைப்பாங்களா?"

வெளியே கார் வந்து நின்றது. ஒரு கதவு சாத்தும் சத்தம், பிறகு இன்னொன்று.

"நான் இருக்கேம்மா," என்றாள் குந்தவை. "நான் சொல்றேன். தப்பு எங்க வீட்டுதுன்னு சொல்றேன்."

"எதைத் தப்புன்னு சொல்லுவீங்க?" நிலோஃபர் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். "இதையா?"

குந்தவை அந்தத் தோளைப் பார்த்தாள். இரண்டு மாதமாக நாற்பத்தோரு இடத்தில் அவள் குறித்து வைத்தது அதைத்தான்.

கமருன்னிஸா உறையை அவசரமாக மூடி, குந்தவையின் கையில் திணித்தாள். "உங்களை இங்க பாத்தாங்கன்னா வேற வினையே வேணாம். இப்படி வாங்க." தோளைப் பிடித்து அடுப்படி வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள். "இனிமே போன் பண்ணாதீங்க. நானும் பண்ண மாட்டேன்."

முன்வாசலில் மணி அடித்தது. "அஸ்ஸலாமு அலைக்கும்," என்று ஷாஹிராவின் குரல். அவசரமில்லாத குரல்.

குந்தவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் நிலோஃபர் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டாள். முனையை வழக்கமாக இடது தோள் மேல் இழுத்து விடுவாள். இன்று விடவில்லை. மேஜையில் அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. அவள் குனிந்து பார்த்தாள், யூனுஸ். எடுக்கவில்லை. வெட்டவும் இல்லை.

கொல்லையில் வெயில் இறங்கியிருந்தது. குந்தவை படியில் கால் வைத்தாள், கையில் இரண்டு மாதத்து வேலை, யாருக்கும் பொருந்தாதது. பின்னால் கதவைச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்க, அதற்கு மேல் பூட்டையும் போட்டுச் சாவியைத் திருகும் சத்தம் கேட்டது.